பழைய வீட்டுக் கணினிக்கு ஓர் இயங்குதளம்: முதல் துடிப்பிலிருந்து இரண்டாவது இயந்திரம் வரை

1982-ல் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் கணினியில் நீங்களே எழுதிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, முதன்முதலாக ஓடும்போது திரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இடது மேல் மூலையில் ஒரு சிறு சதுரம் நிறம் மாறிக்கொண்டிருக்கும். வலது கீழ் மூலையில் இன்னொன்று. அவ்வளவுதான். ஆனால் அவற்றை இயக்குவது இரண்டு தனித்தனி நிரல்கள். ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. நடுவில் நின்று நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது நீங்கள் எழுதிய சில நூறு பைட்டுகள். எனக்கு அது ஓடிய இரவில் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த இரண்டு சதுரங்களை எப்படி வரவழைப்பது, அதே கெர்னலை வேறொரு பழைய கணினியில் எப்படிக் குடியேற்றுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏதாவது ஒரு மொழியில் நிரல் எழுதிய பழக்கமும், அசெம்பிளி மொழியில் கொஞ்சம் அறிமுகமும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பு அமைப்பு, ஜன்னல்கள், ஷெல் எல்லாம் முடிந்த பிறகு இரண்டாவது கணினியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு சதுரங்களும் மின்னத் தொடங்கிய மறுநாளே குடியேற்றத்தைத் தொடங்குங்கள். கெர்னலின் எந்த வரி உண்மையில் கெர்னலுக்கு உரியது, எந்த வரி அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது என்பதை இரண்டாவது கணினி காட்டிக்கொடுக்கும் அளவுக்கு வேறெதுவும் காட்டாது.

எந்த இயந்திரம்?

முதல் கெர்னலுக்கு நான் பரிந்துரைப்பது சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48. இரண்டாவதாக எம்எஸ்எக்ஸ், பல நிறுவனங்கள் ஒரே தரத்தில் தயாரித்த கணினி வகை. இரண்டிலும் இருப்பது இசட்80 செயலி. ஆகவே அசெம்பிளி மொழியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் திரை, விசைப்பலகை, நினைவகம், குறுக்கீடு எல்லாமே வேறு வேறு. குடியேற்றம் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது.

கமடோர் 64 ஏன் வேண்டாம்? அது அருமையான கணினி. ஆனால் அதில் இருக்கும் 6502 வகைச் செயலியின் ஸ்டாக் (தற்காலிக மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடம்) 256-ஆம் முகவரியிலிருந்து 511 வரை, வெறும் 256 பைட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒரு பணியிலிருந்து, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலிலிருந்து, இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் அந்த இடத்தை நகலெடுக்க வேண்டும், அல்லது பணிகளுக்குள் துண்டு போட வேண்டும். இசட்80-ல் ஸ்டாக் சுட்டி 16 பிட் அகலம். நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஸ்டாக்கை வைக்கலாம். பணி மாற்றம் என்பது அந்தச் சுட்டியை மாற்றுவதுதான். முதல் முறை எழுதுபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

மேசையில் வேண்டியவை

உண்மைக் கணினி இப்போது வேண்டாம். ஸ்பெக்ட்ரமுக்கு ஃபியூஸ், எம்எஸ்எக்ஸுக்கு ஓபன்எம்எஸ்எக்ஸ் என்ற இரண்டு எமுலேட்டர்களையும் (பழைய கணினியைப்போலவே நடந்துகொள்ளும் நிரல்கள்), பாஸ்மோ என்ற அசெம்பிளரையும் நிறுவிக்கொள்ளுங்கள். பாஸ்மோ ஸ்பெக்ட்ரமுக்கான டேப் கோப்பை நேரடியாகவே உருவாக்கித் தரும். ஓபன்எம்எஸ்எக்ஸுடன் சி-பயாஸ் என்ற கட்டற்ற பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல், வருகிறது. அது கார்ட்ரிட்ஜ் நிரல்களை ஓட்டும், நமக்குத் தேவையும் அதுதான். பிறகு சி மொழியில் எழுத விரும்பினால் எஸ்டிசிசி, இசட்88டிகே என்ற இரண்டு கம்பைலர்கள் இருக்கின்றன. பணி மாற்றும் பகுதியை மட்டும் எப்படியும் அசெம்பிளியில்தான் எழுத வேண்டும்.

இவற்றோடு ஒரு கட்டம் போட்ட நோட்டுப்புத்தகமும் வேண்டும். நினைவக வரைபடத்தைக் கையால் வரையாமல் ஒரு வரி நிரல்கூட எழுதாதீர்கள். முகவரிகளை இங்கே பத்தடிமான எண்களிலேயே தருகிறேன். ஸ்பெக்ட்ரம் பேசிக் பழகியவர்கள் 16384 என்றுதான் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஸ்பெக்ட்ரம் 48-ன் வரைபடம் இது. 0 முதல் 16383 வரை ரோம். அதை அகற்ற முடியாது. 16384 முதல் 6144 பைட் திரைப் படம். 22528 முதல் 768 பைட் நிறங்கள், 8×8 புள்ளிச் சதுரத்துக்கு ஒரு பைட் வீதம். 23296 முதல் அச்சுப்பொறிக்கான தற்காலிக இடம், 23552 முதல் ரோம் பயன்படுத்தும் மாறிகள். 16384-க்கும் 32767-க்கும் இடைப்பட்ட நினைவகத்தை யூஎல்ஏ என்ற சில்லும் படிக்கிறது. திரையை வரைய அது படிக்கும் நேரத்தில் செயலி காத்து நிற்கும். ஆகவே கெர்னலை 32768-லிருந்து வையுங்கள்.

முதல் துடிப்பு

254 என்ற போர்ட்டுக்கு 0 முதல் 7 வரை ஓர் எண்ணை அனுப்பினால் திரையின் ஓரம் நிறம் மாறும். இதுதான் உங்கள் முதல் நிரல். பிழை தேடும் கருவியாகவும் இது கடைசிவரை உடன் வரும்.

அடுத்தது குறுக்கீடு, அதாவது ஓடும் நிரலை இடையில் நிறுத்தி வேறொரு நிரலுக்குத் தாவும்படி வன்பொருள் செயலிக்குத் தரும் அழைப்பு. ஸ்பெக்ட்ரமில் நொடிக்கு 50 முறை, 69,888 கடிகாரத் துடிப்புக்கு ஒருமுறை குறுக்கீடு வருகிறது. வழக்கமான முதலாம் முறைக் குறுக்கீட்டில் செயலி 56-ஆம் முகவரிக்குத் தாவும். அது ரோமுக்குள் இருப்பதால் உங்களுக்குப் பயனில்லை. எனவே இரண்டாம் முறைக் குறுக்கீட்டுக்கு மாற வேண்டும். அதில் ஐ என்ற ரெஜிஸ்டரின் எண்ணை மேல்பாதியாகவும், தரவுத் தடத்தில் அந்த நொடியில் இருக்கும் எண்ணைக் கீழ்பாதியாகவும் சேர்த்து ஒரு முகவரியைச் செயலி அமைத்துக்கொள்ளும். அங்கே இருக்கும் இரண்டு பைட்டைப் படித்து, அவை காட்டும் இடத்துக்குத் தாவும்.

தடத்தில் பெரும்பாலும் 255 இருக்கும், ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் பழைய கைகள் ஓர் அழகான வழியைக் கண்டுபிடித்தன. 65024-லிருந்து 257 பைட்டுகளை 253 என்ற ஒரே எண்ணால் நிரப்புங்கள். ஐ ரெஜிஸ்டரில் 254 வையுங்கள். தடத்தில் எந்த எண் இருந்தாலும் செயலி படிப்பது 253, 253. அதாவது முகவரி 253×256+253 = 65021. அங்கே உங்கள் குறுக்கீட்டு நிரலுக்குத் தாவும் கட்டளை ஒன்றை எழுதுங்கள். அதற்கு வேண்டியது மூன்று பைட். 65021, 65022, 65023. அடுத்த பைட் 65024, அட்டவணை தொடங்கும் இடம். ஒரு பைட்கூட வீணாகாமல் கதவும் நிலையும்போலப் பொருந்துகிறது.

குறுக்கீட்டு நிரலுக்குள் நுழைந்ததும் ஓரத்தைச் சிவப்பாக்கி, வெளியேறும் முன் கறுப்பாக்கினால், சிவப்புப் பட்டையின் உயரத்தை வைத்து எவ்வளவு நேரம் செலவானது என்று கண்ணாலேயே அளக்கலாம். ஒரு கோட்டுக்கு 224 துடிப்பு. ஆனால் புதியவர்கள் பலர் பட்டை தெரியவில்லை என்று குழம்பிப்போகிறார்கள். குறுக்கீடு வருவது திரையின் உச்சிக்கும் மேலே. படத்தின் முதல் கோடு வர 14,336 துடிப்பு ஆகும். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் பட்டை கண்ணுக்கு எட்டாத இடத்திலேயே தொடங்கி முடிந்துவிடும். சோதிக்கும்போது மட்டும் 15,000 துடிப்பு அளவுக்கு ஒரு காத்திருப்புச் சுற்றை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டை படத்தின் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

எழுத்தும் விசையும்

ஸ்பெக்ட்ரம் திரையின் புள்ளி வரிசைகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்காது. திரை மூன்று பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 2048 பைட்டாக இருக்கும். பார்த்தவுடன் கோபம் வரும். ஆனால் ஓர் எழுத்தை வரையும்போது அடுத்த புள்ளி வரிசை சரியாக 256 பைட் தள்ளி இருக்கும். முகவரியின் மேல்பாதியை ஒன்று கூட்டினால் போதும். எட்டு முறை கூட்டினால் எழுத்து முடிந்தது. ரோமிலேயே 15616 முதல் 96 எழுத்துகளின் வடிவங்கள் இருக்கின்றன. 15360-உடன் எழுத்தின் எண்ணை எட்டால் பெருக்கிக் கூட்டினால் அதன் வடிவம் கிடைக்கும்.

விசைப்பலகையும் அதே 254 போர்ட்தான். எட்டு அரை வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து விசைகள். முகவரியின் மேல்பாதியில் எந்த பிட் பூஜ்யமோ அந்த வரிசை கிடைக்கும். அழுத்திய விசையின் பிட்டும் பூஜ்யம். குறுக்கீட்டுக்குள் படித்து, ஒரு சிறு வரிசைப் பட்டியலில் போட்டுவிடுங்கள். பணிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு பணிகள்

குறுக்கீடு வந்ததும் செயலி, ஓடிக்கொண்டிருந்த இடத்தின் முகவரியைத் தானாகவே ஸ்டாக்கில் வைத்துவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது எல்லா ரெஜிஸ்டர்களையும் அதே ஸ்டாக்கில் அடுக்குவது. முதன்மைத் தொகுதியின் நான்கு இணைகள், மாற்றுத் தொகுதியின் நான்கு இணைகள், இரண்டு குறியீட்டு ரெஜிஸ்டர்கள் என மொத்தம் பத்து இணைகள், 20 பைட். திரும்பும் முகவரியையும் சேர்த்தால் 22. பிறகு ஸ்டாக் சுட்டியை இந்தப் பணியின் பெயரில் எழுதிவைத்து, அடுத்த பணியின் சுட்டியை எடுத்து, பத்து இணைகளையும் தலைகீழ் வரிசையில் இறக்கி, குறுக்கீட்டைத் திறந்து, திரும்புங்கள். நீங்கள் திரும்பும் இடம் வேறொரு நிரலின் நடுப்பகுதி.

இதுவரை ஓடாத ஒரு பணிக்கு எப்படித் திரும்புவது? அது ஏற்கெனவே ஓடி இடையில் நின்றதுபோல ஒரு ஸ்டாக்கை நீங்களே தயாரித்துவிடுங்கள். உச்சியில் பணியின் தொடக்க முகவரி, அதற்குக் கீழே 20 பைட் பூஜ்யம், சுட்டி அதன் அடியில். கெர்னலுக்கு இந்தப் பொய்க்கும் மெய்க்கும் வேறுபாடு தெரியாது.

இப்போது முதல் பணி 22528-ஐ ஓயாமல் ஒன்று கூட்டிக்கொண்டிருக்கட்டும். இரண்டாவது பணி 23295-ஐ. இரு மூலைகளும் மின்னினால் பணி மாற்றம் வேலை செய்கிறது. ஒரு மூலை மட்டும் மின்னினால் அடுக்கிய வரிசையையும் இறக்கிய வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். செலவு எவ்வளவு? ஒரு மாற்றத்துக்குச் சுமார் 400 துடிப்பு. 69,888-ல் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 3.5 மெகாஹெர்ட்ஸ் செயலி தாங்காது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இசட்80-ல் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. ஒரு பணி தன் ஸ்டாக்கைத் தாண்டி அடுத்ததன் இடத்தில் எழுதினால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு ஸ்டாக்கையும் தொடக்கத்தில் 85 என்ற எண்ணால் நிரப்பிவையுங்கள். சிறிது நேரம் ஓடவிட்டு, எத்தனை 85 அழியாமல் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போதே குடியேற்றுங்கள்

1974-ல் கேரி கில்டால் உருவாக்கிய சிபிஎம் என்ற இயங்குதளம், வெவ்வேறு நிறுவனங்களின் எண்ணற்ற கணினிகளில் ஓடியதற்குக் காரணம் அதன் பிரிவினைதான். கணினிக்குக் கணினி மாறும் எல்லாவற்றையும் பயாஸ் என்ற ஒரு பகுதிக்குள் அடக்கி, மீதியைத் தொடாமல் விட்டார்கள். சிபிஎம் 2.2-ல் அந்த பயாஸின் வாசல் 17 தாவல் கட்டளைகள் மட்டுமே. புதிய கணினிக்கு அந்த 17-ஐ எழுதினால் மற்றது ஓடும். நம் கெர்னலுக்கு இன்னும் குறைவாகவே போதும். இயந்திரத்தைத் தொடங்கு, எழுத்தை வரை, திரையை மேலே நகர்த்து, விசையைப் படி, நொடிக்கு எத்தனை குறுக்கீடு என்று சொல், தொகுதியைப் படி, தொகுதியை எழுது. ஏழே வாசல்.

வாசல்களை எங்கே வெட்டுவது என்பதில்தான் நான் சறுக்கினேன். என் முதல் கெர்னலில் திரையின் முகவரியைப் பணிகளுக்கே கொடுத்திருந்தேன். ஸ்பெக்ட்ரமில் அது இயல்பாகத் தோன்றியது. எம்எஸ்எக்ஸுக்குப் போனதும் திரைக்கு முகவரியே இல்லை. அங்கே காட்சிச் சில்லுக்குத் தனி நினைவகம் இருக்கிறது. 153 என்ற போர்ட்டில் முகவரியின் கீழ்பாதியையும், பிறகு 64 கூட்டிய மேல்பாதியையும் அனுப்பி, 152-ல் பைட்டை எழுத வேண்டும். ஸ்பெக்ட்ரமில் ஓர் எழுத்துக்கு எட்டு பைட், இங்கே ஒரே பைட். பணிகளுக்குத் தெரிய வேண்டியது கிடைவரிசையும் நெடுவரிசையும் எழுத்தும் மட்டுமே. அதைப் புரிந்துகொள்ள, எழுதிய பணிகள் அனைத்தையும் நான் திருத்த வேண்டியிருந்தது. பணிகள் இரண்டாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

திரையை மேலே நகர்த்துவதும் கணினியின் வேலையே. ஸ்பெக்ட்ரமில் 6144 பைட்டையும் சாதாரணமாக நகர்த்தினால், பைட்டுக்கு 21 துடிப்பு வீதம் 1,29,024 துடிப்பு ஆகும். கிட்டத்தட்ட இரண்டு குறுக்கீட்டு இடைவெளி. எம்எஸ்எக்ஸின் எழுத்துத் திரையில் 768 பைட்தான். ஒரே நிரல் இரண்டுக்கும் பொருந்தாது.

எம்எஸ்எக்ஸில் எளிய வழி கார்ட்ரிட்ஜ். 16384-ல் 65, 66 என்ற இரண்டு பைட்டுகளும், அடுத்து தொடக்க முகவரியும் இருந்தால் பயாஸ் உங்களை அழைத்துவிடும். கோப்பை 16,384 பைட்டுக்கு நிரப்பி எமுலேட்டரில் செருகுங்கள். இங்கே இன்னொரு தவறு வெளிப்படும். ஸ்பெக்ட்ரமில் உங்கள் நிரல் இருப்பது எழுதக்கூடிய நினைவகம் என்பதால் மாறிகளை நிரலின் நடுவே வைத்திருப்பீர்கள். கார்ட்ரிட்ஜ் என்பது ரோம். எழுதினால் எதுவும் மாறாது, பிழைச் செய்தியும் வராது. மாறிகளை முதல் நாளிலிருந்தே தனி இடத்தில், 49152-க்கு மேலே ஒதுக்கும்படி எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

என்னை ஒரு வாரம் அலைக்கழித்த பிழையைச் சொல்ல வேண்டும். எம்எஸ்எக்ஸில் கெர்னல் தொடங்கியது, முதல் எழுத்துகள் வந்தன, பிறகு எந்தப் பணியும் நகரவில்லை. உறைந்துவிட்டது என்று நினைத்துப் பணி மாற்றும் பகுதியை மூன்று முறை திரும்ப எழுதினேன். பிறகு எமுலேட்டரின் டீபக்கரில் பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தபோது, கணினி உறையவே இல்லை. குறுக்கீட்டு நிரல் முடிந்த கணமே மறுபடி குறுக்கீடு, மறுபடி, மறுபடி. பணிக்கு ஒரு கட்டளைகூட ஓட நேரம் கிடைக்கவில்லை. காரணம் எளிது. ஸ்பெக்ட்ரமின் யூஎல்ஏ ஒருமுறை கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும். எம்எஸ்எக்ஸின் காட்சிச் சில்லோ பதில் வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கும். 153 போர்ட்டை ஒருமுறை படித்தால்தான் ஓயும். ஒரே ஒரு கட்டளை சேர்த்தேன். இரண்டு மூலைகளும் மின்னின.

காட்சிச் சில்லுக்கு அடுத்தடுத்து எழுதும்போது, திரை வரையப்படும் நேரத்தில் சுமார் 29 துடிப்பு இடைவெளி விடுங்கள். வேகமாக எழுதினால் உண்மைக் கணினியில் எழுத்துகள் அங்கங்கே உதிரும். விசைகளுக்கு 170 போர்ட்டில் வரிசை எண்ணைக் கொடுத்து 169-ல் படியுங்கள். வரிசைக்கு எட்டு விசை. கெர்னலுக்கு விசையின் இறுதி எண்ணை மட்டும் கொடுத்தால் இந்த வேறுபாடு அதைத் தொடாது. நேரக் கணக்கும் அப்படித்தான். ஸ்பெக்ட்ரமில் நொடிக்கு 50, ஜப்பானிய எம்எஸ்எக்ஸில் 60, ஆம்ஸ்ட்ராட் சிபிசி என்ற இன்னொரு இசட்80 கணினியில் 300. கெர்னலுக்குள் 50 என்ற எண் எங்காவது எழுதப்பட்டிருந்தால் இப்போதே தேடி எடுத்துவிடுங்கள்.

சேமிப்பும் கூடுதல் நினைவகமும்

இனி வளரலாம். கோப்பு அமைப்பை நினைவகத்தில் ஒதுக்கிய பொய் வட்டு ஒன்றில் தொடங்குங்கள். 512 பைட் தொகுதிகளாகப் படிப்பதும் எழுதுவதும் மட்டுமே அதற்குத் தெரியட்டும். பின்னாளில் எஸ்டி அட்டை வந்தாலும் வாசல் மாறாது.

ஸ்பெக்ட்ரம் 128-ல் 32765 போர்ட் வழியாக 49152-க்கு மேலுள்ள 16 கிலோபைட்டை எட்டு வங்கிகளுக்குள் (ஒரே முகவரிகளில் மாறி மாறி வரும் நினைவகத் துண்டுகள்) மாற்றலாம். பணிக்கு ஒரு வங்கி என்று நினைக்கவே ஆசையாக இருக்கும். அதற்கு முன் 65024-ல் வைத்த குறுக்கீட்டு அட்டவணையைக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி மாறியதும் அட்டவணையும் காணாமல் போகும். 48640-லிருந்து 257 பைட்டை 189-ஆல் நிரப்புங்கள், தாவல் 48573-ல், ஐ ரெஜிஸ்டரில் 190. அந்தப் போர்ட்டைத் திரும்பப் படிக்க முடியாது என்பதால் கடைசியாக அனுப்பிய எண்ணை ஒரு மாறியில் வையுங்கள். 32 மதிப்புள்ள பிட்டைத் தவறியும் அனுப்பாதீர்கள். மறுதொடக்கம் வரை வங்கி மாற்றமே பூட்டிக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் மற்றவர்களின் நிரலைப் படிப்பது பயன் தரும். ஆலன் காக்ஸின் ஃபியூசிக்ஸ் யூனிக்ஸ் வகை இயங்குதளம். யூசி என்ற பழைய இசட்80 யூனிக்ஸிலிருந்து வளர்ந்தது. பொதுவான கெர்னலும் ஒவ்வொரு கணினிக்குமான பகுதியும் அதில் தனித்தனி அடைவுகளில் இருக்கின்றன. ஒரே கணினிக்குரிய அடைவு ஒன்றை மட்டும் எடுத்து முழுவதும் படியுங்கள். சிம்ப்ஓஎஸ் என்ற ஜன்னல் இயங்குதளத்தை ஆம்ஸ்ட்ராட் சிபிசியிலும் எம்எஸ்எக்ஸிலும் ஓடவிட்டுப் பாருங்கள். இதே செயலியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று புரியும்.

உண்மைக் கணினியில்

கணினி வாங்கினால் பழைய மின்மாற்றியை நம்பி உடனே செருகாதீர்கள். ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் இணைப்பில் நடுமுனை எதிர்மின். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. தவறாகச் செருகினால் கணினி பழுதாகலாம். மல்டிமீட்டரால் சோதித்துவிட்டுச் செருகுங்கள். டேப் கோப்பை ஒலியாக மாற்றி, கைப்பேசியிலிருந்து ஒலி வாங்கும் துளைக்குக் கம்பி கொடுத்தாலே ஏறிவிடும்.

எமுலேட்டரில் ஒழுங்காக ஓடிய கெர்னல் இங்கே முதல் முறையே விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தொடக்க மதிப்புகளை. உங்கள் எமுலேட்டர் நினைவகத்தைப் பூஜ்யமாக நிரப்பித் தொடங்கியிருக்கலாம். உண்மைச் சில்லுகளில் மின்சாரம் வந்த கணத்தில் கண்டபடி எண்கள் கிடக்கும். ரோம் சிலவற்றைத் துடைத்துவைத்தாலும் அதை நம்பி எழுதாதீர்கள். பணிகளின் பட்டியல், விசை வரிசை, நேரக் கணக்கு என்று கெர்னல் படிக்கும் ஒவ்வொரு மாறிக்கும் தொடக்கத்தில் நீங்களே மதிப்பு எழுதுங்கள். பிறகு மின்சாரத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, பத்து முறை புதிதாக ஏற்றிப் பாருங்கள். பத்து முறையும் இரண்டு மூலைகளும் மின்ன வேண்டும்.